மெக்கானிக்கிடம் காட்டவில்லை

"மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன், வண்டி நல்லா இருக்குதாம்" என்று என் மனைவியிடம் சொன்னேன். காட்டவில்லை. அவள் கட்டி வந்த ஏலச்சீட்டை எடுத்தும், அவளுடைய வளையல்களை அடகு வைத்தும்தான் அந்தக் காரை வாங்கினோம். பணம் கொடுப்பதற்கு முந்தின இரவு அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் சொன்னது பொய்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்கு முதலில் ஒரு பெண். அவளுக்கு ஏழு வயதானபோது இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். அதே வருடம் அப்பா தவறிப்போனார். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மாவை எங்களோடு கூட்டி வந்துவிட்டேன். மூன்று பேராக இருந்த வீடு ஆறு பேரானது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, அம்மாவின் மூட்டு வலிக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, குலதெய்வக் கோயில் என்று எதற்குப் போனாலும் வாடகைக் கார்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

எங்களுக்கான வண்டி முதலிலேயே கிடைத்தது. 2014 மாடல் எர்டிகா, பெட்ரோல், சிங்கிள் ஓனர். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர் வைத்திருந்தார். நான்கே முக்கால் லட்சம் கேட்டார். கொஞ்சம் குறைத்தும் கொடுத்திருப்பார். குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். நடு வரிசை இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். அதில் அம்மா ஏறி உட்கார்ந்து, "காலை நீட்டிக்க முடியுது கண்ணு" என்றார். மகள் கடைசி வரிசைக்குப் போய் அங்கிருந்து இறங்க மாட்டேன் என்றாள். மூன்று வரிசையும் போட்டால் பின்னால் சாமான் வைக்க இடம் இருக்காது, 135 லிட்டர்தான். எங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. "இதுவே போதுமுங்க" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றது நான். என்ஜின் சத்தம் வருகிறது, டயர் பழசு என்று காரணங்கள் சொன்னேன். உண்மைக் காரணம், அது டாக்ஸி போல இருக்கிறது என்பது. ஆபீஸ் வாசலில் அதில் போய் இறங்கினால் "சைடுல வாடகைக்கு ஓட்டறீங்களா?" என்று கேட்பார்கள் என்று பயந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். என் கூட வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேர் அப்போதுதான் உயரமான எஸ்யூவி வாங்கியிருந்தார்கள். என் மனதில் இருந்தது அந்த மாதிரி வண்டி. குடும்பத்துக்கு ஒரு வண்டி தேவை என்பது எனக்கு ஒரு சாக்காகத்தான் பயன்பட்டது.

கார் கன்சல்டிங் ஒன்றில் அந்த மாதிரி வண்டி நின்றது. 2017 மாடல், டீசல், ஐந்து இருக்கை, வெள்ளை நிறம், ஐந்து லட்சத்து அறுபதாயிரம். அதை வாங்குவதற்காக நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன், கணக்குதான் என் தொழில். மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு 6,000. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கொடுக்கும், டீசல் 18 கொடுக்கும். அப்போது பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50. வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்து சொச்சம் மிச்சம். இதைத் தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். எழுதாமல் விட்டது அடுத்த வரி. இந்த வண்டிக்கு 85,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம், டீசலில் மிச்சமாகும் பணத்தில் அது அடைபடவே ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும். இன்ஜெக்டரோ டர்போவோ போனால் ஒரே செலவில் பல வருட மிச்சம் போய்விடும் என்பதையும் எழுதவில்லை. ஆபீஸில் இப்படி ஒரு கணக்கை யாராவது என் மேசையில் வைத்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஓட்டிப் பார்க்க நான் மட்டும்தான் போனேன். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து பைபாஸில் ஒரு சுற்று போய் வந்தேன். பின் கதவைத் திறந்து உள்ளே ஏறவே இல்லை. அந்த இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், முட்டி மடங்காத ஒருவர் எதைப் பிடித்து ஏறுவார், இரண்டு குழந்தைகளுக்கும் சைல்டு சீட் மாட்டினால் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்குமா, எதையும் பார்க்கவில்லை. ஆறு பேருக்கு ஐந்து இருக்கை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பையன்களை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

தெரியாமல் ஏமாந்தேன் என்று நான் சொல்ல முடியாது. காகித விஷயத்தில் ஒரு குறை வைக்கவில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினேன். ஆர்சியில் பழைய கடன் இருந்ததால் படிவம் 35 வாங்கி அந்தக் கடன் பதிவை (எச்.பி.) கேன்சல் செய்ய வைத்தேன். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் என் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பணம் வராது என்று தெரிந்து அதையும் மாற்றினேன். அப்படி மாற்றும்போதுதான் பழைய பாலிசியைப் பார்த்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

2024 பிப்ரவரியில் புதுப்பித்த பாலிசி, முதல் ஓனர் பெயரிலேயே இருந்தது. நோ கிளைம் போனஸ் என்ற இடத்தில் சுழி. ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு அது 50 சதவீதம் இருக்கும். ஒரே ஆள் ஏழு வருடம் வைத்திருந்த வண்டியில் சுழி என்றால் முந்தைய வருடம் கிளைம் வாங்கியிருக்க வேண்டும். ஆர்சியில் இருந்த முகவரி தென்சென்னை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றதை டிவியில் பார்த்தவன்தான் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நேரம் ஆகவில்லை, உடனே புரிந்துவிட்டது. அதே வேகத்தில் மனதில் ஒரு சமாதானமும் வந்தது: பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும், அப்படியும் இருக்கலாம். அப்படித்தானா என்று கன்சல்டிங்காரரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

எங்கள் தெரு மெக்கானிக் வயதில் என்னைவிடச் சின்னவர். போனில் பேசினேன், அது நிஜம். "காலையில என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வாங்கண்ணா, அரை மணி நேரத்துல சொல்லிடறேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு எடுத்துப் போகவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் பிறகு வாங்க முடியாது. அன்று இரவுதான் மனைவி கேட்டாள்.

வண்டி வந்த முதல் ஞாயிறு சென்னிமலைக்குக் கிளம்பினோம். அம்மா ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் மனைவியின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். மகளுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தார், ஒரு பையன் அவர் மடியில், இன்னொருவன் மனைவி மடியில். முன்சீட் காலி. அதில் உட்கார அம்மாவுக்குப் பயம், மகளைத் தனியாக உட்கார வைக்க எங்களுக்குப் பயம். 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபராதம் கிடக்கட்டும். வண்டி மோதும் நொடியில் மடியில் இருக்கும் குழந்தையை எந்தத் தாயாலும் பாட்டியாலும் பிடித்து நிறுத்த முடியாது. இது தெரிந்தும் நெடுஞ்சாலையில் என் பிள்ளைகளை அப்படி ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து மனைவி பிடிவாதமாக இரண்டு சைல்டு சீட் வாங்கி மாட்டினாள். பின்னால் இனி ஒரு ஆளுக்குத்தான் இடம். அடுத்த முறை கிளம்பும்போது அம்மா, "நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, எனக்கு முட்டி வலிக்குது" என்றார். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதை எழுதத்தான் இத்தனை பத்தி சுற்றி வந்தேன். அம்மா வராததில் எனக்கு வருத்தம் வரவில்லை. அப்பாடா, இடப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றியது. அவர் வரவில்லை என்றால் வண்டி எங்களுக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நான் வற்புறுத்திக் கூப்பிடவில்லை. அவரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் சொன்னார். அம்மாவுக்காகவும் என்று சொல்லி வாங்கிய வண்டி வாசலில் நிற்க, பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்ட அம்மா தாராபுரம் பஸ் ஏறி, அங்கே டவுன் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அது வேலை நாள், நான் ஆபீஸில் இருந்தேன். பல நாள் கழித்து மகள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. நான் கேட்டபோது, "உனக்கு எதுக்கு தொந்தரவு" என்றார்.

இதற்கிடையில் வண்டியில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. கன்சல்டிங்கில் கேட்டதற்கு சென்சார்தான், ஒன்றும் ஆகாது என்றார்கள். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன், நம்புவது வசதியாக இருந்தது. அந்த விளக்கு அணையாமல் எரிந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். அது தெரிந்தும் பல மாதம் ஓட்டினேன். பிறகு பவர் விண்டோ நின்றது, கதவுகள் தானாகப் பூட்டிக்கொண்டன. ஒரு நாள் பையன் ஒருவன் உள்ளே இருக்கும்போது பூட்டிக்கொண்டது. சாவி என் கையில் இருந்ததால் உடனே திறந்துவிட்டோம். அன்று மாலைதான் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அவர் என்ஜினைத் திறக்கவே இல்லை. பின் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தார். வழக்கமாக இழுக்கும் நீளம் வரை சுத்தமாக இருந்தது, அதற்கு மேல் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றின் கறை கோடாகத் தெரிந்தது. டிரைவர் சீட்டை நகர்த்தி அது நகரும் இரும்புத் தடத்தை அடியில் காட்டினார், துரு. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் வண்டல். கார்ப்பெட்டைத் தூக்கி ஒயர் சாக்கெட்டைப் பிரித்தார், பின்கள் பச்சை பூத்திருந்தன. "சீட்டு மட்டத்துக்குத் தண்ணி நின்ன வண்டிங்கண்ணா. அன்னைக்கே எடுத்துட்டு வந்திருந்தா பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பேன்" என்றார். அப்போது என் மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அவள் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, குழந்தைகள் தூங்கின பிறகு, நானே சொன்னேன். காட்டவில்லை என்பதையும், சுழியைப் பார்த்தும் மறைத்ததையும் சொன்னேன். "பணம் போனா சம்பாதிச்சுக்கலாமுங்க. எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்த வண்டி வேண்டும் என்று இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை, அதையே சொன்னேன். வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. வட்டியை என் சம்பளத்தில் கட்டி வருகிறேன்.

இப்போது வண்டியை விற்க வேண்டும். தண்ணீர் நின்றதைச் சொல்லாமல் வேறு ஒரு கன்சல்டிங்கில் விட்டால் நாலரை லட்சம் வரை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, நானும் இந்த முறை வாதாடவில்லை. மெக்கானிக் சொன்ன குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆர்சியோடு வைத்திருக்கிறோம். கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி தாளைப் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். உதிரி பாகத்துக்காக வாங்குபவர் ஒருவர் இரண்டே முக்கால் லட்சம் கேட்டிருக்கிறார். அவருக்குத்தான் கொடுக்கப்போகிறோம்.

அடுத்து ஏழு இருக்கை வண்டிதான். ஈகோ விலை மலிவு, கதவு தள்ளித் திறப்பதால் அம்மா ஏறவும் வசதி. ஆனால் 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு அது ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. டிரைபர் 2021-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கு மூன்றும் வாங்கியது. 2019 ஜூலைக்கு முந்தைய வண்டி என்றால் டிரைவருக்கே ஏர்பேக் இல்லாமல் இருக்கலாம், அதனால் அதற்குப் பிந்தைய மாடலாகத் தேடுகிறோம். எது கிடைத்தாலும் அம்மாவை ஏற்றி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, மனைவியையே அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

வண்டியில் தண்ணீர் நின்ற கதை அம்மாவுக்குத் தெரியும். நான் பொய் சொன்னதும் தெரியும், மனைவி சொல்லிவிட்டாள். முட்டி வலி என்று அவர் நின்றுகொண்ட அன்று எனக்கு நிம்மதியாக இருந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மெதுவாகப் படிப்பார், ஆனால் கையில் கிடைத்ததை முழுவதும் படித்து முடித்துவிடுவார். இதையும் அவரிடம் கொடுக்கப்போகிறேன்.