கொள்ளிடத்தின் வடகரை

திருச்சி மன்னார்புரம் ரவுண்டானாவிலிருந்து லால்குடி போகிறவர் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். முதலில் காவிரி, அதன்மேல் 1976இல் திறக்கப்பட்ட பாலம். திருவரங்கம் தீவைத் தாண்டியதும் கொள்ளிடம். அங்கிருந்த 1928ஆம் ஆண்டு இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. அடுத்த சில நாட்களுக்குள், 22ஆம் தேதி இரவு, மேற்கே, கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு அணையில் ஒன்பது மதகுகள் உடைந்து தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது.

நம்பர் ஒன் டோல்கேட்டில் வலப்பக்கம் திரும்பினால் வாளாடி. அங்கிருந்து லால்குடி வரை நெல், வாழை, மறுபடி நெல். கொள்ளிடமோ அகலமும் தாழ்வுமான வடிகால் ஆறு. வெள்ளத்தைச் சுமக்குமே தவிர, மேட்டிலிருக்கும் வயலுக்கு ஏறிப் பாயாது. பிறகு இந்தக் கரைக்குப் பாசனம் எப்படி? ஆறு பிரியும் இடத்துக்கு மேலேயே, முக்கொம்பில், அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் தலையெடுத்துவிடுகின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே, ஆற்றைவிட மேட்டில், சரிவை வீணாக்காமல் கிழக்கு நோக்கி ஓடிவருகின்றன. முக்கொம்பு அணையை ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கினார். தாழ்ந்த கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, காவிரி மண்மேடிட்டுத் தஞ்சை காய்ந்துகொண்டிருந்த காலம் அது. கல்லணைக்குக் கிடைத்த புகழ் முக்கொம்புக்குக் கிடைக்கவில்லை. ஆனால் லால்குடி விவசாயிக்கு வேண்டியது முக்கொம்புதான். அங்கே மதகு உடைந்தால் இங்கே கடைமடை வரை கவலை.

லால்குடி 2021இல்தான் நகராட்சியானது. வயலின் மேதை ஜெயராமனின் பெயரோடு உலகம் சுற்றிய ஊர் இது. சப்தரிஷீஸ்வரர் கோயிலில் தெள்ளாறெறிந்த நந்திவர்மப் பல்லவன், பாண்டியன் வரகுணன் இருவர் காலத்துக் கல்வெட்டுகளும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் இரண்டு பேரரசுகளின் பெயரும் ஒரே கோயில் கல்லில் ஏறியிருக்கிறது என்றால், இந்த நெல்வயல்களை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்றே தோன்றுகிறது.

புள்ளம்பாடியைத் தாண்டி வடகிழக்கே போனால் வண்டல் முடிந்து கரிசல் வருகிறது. கல்லக்குடியில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை. பக்கத்து ஊட்டத்தூரின் பெயரையே ஒரு பாறைத் தொகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் சூட்டினார் புவியியலாளர் பிளான்ஃபோர்டு. டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் அந்தப் பாறைகளில் புதைந்து கிடக்கின்றன. பச்சை வாழைத் தோப்புக்கும் பழங்காலக் கடலடிக்கும் நடுவே ஒரு தாலுகாவின் தூரம்கூட இல்லை.

லால்குடிக்குக் கிழக்கே அன்பில். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் அமைச்சர் அநிருத்தரைத் தேடி வரும் ஊர். சுந்தர சோழன் தன் நான்காம் ஆட்சியாண்டில் அந்த அமைச்சருக்கு நிலம் கொடுத்ததைச் சொல்பவை அன்பில் செப்பேடுகள். அரச வம்சாவளியைவிட அவற்றின் நிலப்பட்டியல்தான் அருமை. எல்லையில் மண்மேடு எழுப்பிக் கள்ளி நட்டார்கள். பிறகு அந்த எல்லைக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்கள்: மேலே வளரும் மரம், கீழே போகும் கிணறு, கன்று மேயும் பொட்டல், புற்று, மரத்தடித் திண்ணை, வாய்க்கால், ஆறு ஒதுக்கிய படுகை, மீன் பள்ளம், தேன்கூடு இருக்கும் பொந்து.

டோல்கேட்டிலிருந்து லால்குடி வரும் சாலையோரத்தில் இன்று எல்லைக் கல் நட்டு விற்கும் மனைப் பிரிவுகள் பெருகுகின்றன. அவற்றின் வரைபடங்களில் சாலை, மனை எண், சதுர அடி எல்லாம் இருக்கும். வயலுக்குப் போகும் வாய்க்காலையும் படுகையையும் எழுதிவைக்கும் அக்கறை, பத்தாம் நூற்றாண்டில் அந்தச் செப்பேட்டை எழுதியவருக்கு இருந்தது.