மரம் வெட்டுறவரு

போர்டிக்சனில் ஒரு கிளினிக். நம்பர் சீட்டோடு பாட்டியும் நானும் உட்கார்ந்திருந்தோம். "நமக்கு முன்னால இன்னும் எத்தனை பேஷண்டுய்யா?" என்று பாட்டி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

வானொலியில் பேசிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சொல் காதில் விழுந்தால் அதன் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பேஷண்ட், லத்தீனிலிருந்து வந்தது. 'பாத்தியென்ஸ்' என்றால் பொறுத்துக்கொள்கிற, துன்பப்படுகிற. காத்திருந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

நம் 'கிற', 'கின்ற' செய்கிற வேலையை லத்தீனில் 'ன்ஸ்' செய்கிறது. வேற்றுமை ஏற்கும்போது அது 'ன்ட்' என்று திரியும். அந்த 'ன்ட்'தான் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம் வீடுவரை வந்துவிட்டது. ஓடுகிறது, கரண்ட். முன்னால் உட்கார்கிறவர், பிரசிடெண்ட். ஆர்வமாக முயல்கிறவர், ஸ்டூடண்ட் (எல்லாரையும் சொல்லவில்லை). செய்கிறவர், ஏஜெண்ட். இந்தியாவின் 1922 குடிப்பெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளர் நலனைக் கவனிக்க மலாயாவுக்கு வந்த அதிகாரிக்கும் ஏஜெண்ட் என்றுதான் பதவிப்பெயர். துரைமாரை மீறி அவரால் எவ்வளவு செய்ய முடிந்தது என்பது தனிக்கதை.

இந்த எச்சத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெயர்தான் நிகழ்காலம், ஆனால் 'இன்றைக்கு' என்று பொருளில்லை. வாக்கியத்தின் முக்கிய வினை எப்போது நடக்கிறதோ, அதே நேரம் என்றுதான் பொருள். 'அழுகிற பையனைப் பார்த்தேன்' என்றால் பார்த்தது நேற்று, அழுகையும் நேற்றுதான். தமிழும் லத்தீனும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

எங்கள் நம்பர் வந்தது. தாதி மலாயில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். கணவருக்கு என்ன வேலை? நான் பாட்டியிடம் தமிழில் கேட்டேன்.

"மரம் வெட்டுறவரு."

தாத்தா போய்ப் பதினோரு வருஷம். அவர் பால் வெட்டிய மரங்களும் இல்லை. அந்த நிரைகளில் இப்போது செம்பனை நிற்கிறது. 'வெட்டினவரு' என்று திருத்த வாயெடுத்தேன். நேயர்கள் தவறாகச் சொன்னால் திருத்தியே பழகிய வாய். பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டபடி சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய முக்கிய வினை எந்தக் காலத்தில் நிற்கிறது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

"பெனோரே கெத்தா" என்றேன் தாதியிடம். ரப்பர் மரம் வெட்டுபவர். அந்த மலாய்ச் சொல்லில் காலமே கிடையாது.

தாதி தலையாட்டிவிட்டு, பாட்டியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்.