விடுப்பில் வருபவரும் வீட்டில் இருப்பவரும்

இவ்வாண்டு எங்கள் பதினொன்றாம் வகுப்பு இலக்கிய மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. "கொலைக் குற்றவாளிகளுக்குப் பரோல் வழங்குவது தகுமா?" என்பது தலைப்பு. தகும் என்று பேச நாங்கள் அறுவர் முன்வந்தோம். வெற்றி எங்களுக்கே என்ற எண்ணத்தில் குறிப்பேடு நிறையச் செய்திகளைச் சேர்த்தோம். மேடை ஏறும்போது இருந்த எண்ணம் இறங்கும்போது இல்லை. அந்த மாற்றத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பரோல் என்றால் விடுதலை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அன்று, அது விடுப்பு. நாள் முடிந்ததும் சிறைக்குத் திரும்பியே ஆகவேண்டும். நம் மாநிலம் 1982இல் வகுத்த விதிகளின்படி அது இரு வகைப்படும். நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்குத் தருவது அவசர விடுப்பு. சில ஆண்டுகள் சிறையில் கழித்தவருக்கு, நன்னடத்தை அலுவலரின் விசாரணைக்குப் பின் தருவது சாதாரண விடுப்பு. முன்விடுதலையோ வேறு. தூக்குத் தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் இருக்கவேண்டும் என்று 1978இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆளுநரின் கருணை அதிகாரம் அதற்கு அப்பாற்பட்டது.

எங்கள் தரப்பின் முதல் சான்று நளினி. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவருடன் பலரும் குண்டுக்குப் பலியான வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர். கணவரை இழந்த சோனியா காந்தியே அவருக்காக இரங்கிக் கேட்டுக்கொண்டார். 2000இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. சிறையில் பிறந்த மகளின் திருமண ஏற்பாட்டுக்காக 2019 ஜூலையில் பரோலில் வந்து, நீட்டிப்பும் சேர்த்து 51 நாள் வேலூரில் தங்கி, செப்டம்பரில் சிறைக்குத் திரும்பினார். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. "நம்பி அனுப்பினால் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார்கள் அல்லவா?" என்று முழங்கினோம். கைதட்டல் எழுந்தது.

எதிர்த்தரப்பில் ஒருத்தி எழுந்தாள். "அதே குண்டுவெடிப்பில் படுகாயம் அடைந்த காவல் அதிகாரி அனுசுயா டெய்சி அந்த விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தாரே! சோனியா காந்தி மன்னித்தால் அது அவர் உள்ளம். இவருக்காக யார் மன்னிப்பது?" என்றாள். எங்களிடம் விடை இல்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, எந்தத் தரப்பிலும் சேராத எங்கள் தோழி எழுந்தாள். அகரத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். அவள் சம்மதத்துடன் எழுதுகிறோம். பெயரை மட்டும் தவிர்த்துள்ளோம்.

"வரப்புத் தகராறில் எங்க சித்தப்பாவைக் கொன்றவர், மகள் கல்யாணத்துக்குப் பரோலில் வந்தார். ஊருக்கே தெரியும், எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தெருக்குழாயில் நின்ற எங்க சித்தி அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் திரும்பிப் போகும்வரை, பொழுது சாயுமுன் அப்பத்தா கதவை அடைத்துவிடும். அவர் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்தார். எங்க சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் என்றால், சித்தப்பா எந்த ஜெயிலிலிருந்து வருவார்?"

அறை அமைதியாயிற்று. எங்கள் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

நடுவராக இருந்த அருட்சகோதரி, கேரளத்துப் புல்லுவழியில் பிறந்த சகோதரி ராணி மரியாவைப் பற்றிச் சொன்னார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களுக்காக உழைத்த அவர், 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பஸ்ஸில் சமந்தர் சிங் என்பவனால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை சகோதரி செல்மி பால் 2002இல் சிறைக்கே சென்று அவன் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே மனுக் கொடுத்து, 2006இல் அவன் விடுதலையானான். பின்னர் புல்லுவழிக்கே வந்து மன்னிப்புக் கேட்டான். "அந்தக் குடும்பம் தானாக மன்னித்தது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதை மறவாதீர்கள்" என்று சொல்லி, வெற்றி தோல்வி அறிவிக்காமலே கூட்டத்தை முடித்தார்கள்.

பரோல் தகும் என்றே இன்றும் நினைக்கிறோம். மணமேடையில் இருந்த அந்தப் பெண் எந்தக் குற்றமும் செய்யவில்லை. என்றோ ஒருநாள் வெளியே வரப்போகிறவர், மனிதரோடு மனிதராக வாழச் சிறிது சிறிதாகப் பழகத்தானே வேண்டும்? ஆனால், அவர் ஊருக்கு வருமுன் இறந்தவரின் வீட்டுக்கு முறையாகச் சொல்லி அனுப்பவேண்டும். "உங்களுக்கு அச்சம் உண்டா?" என்று கேட்கவேண்டும். அச்சம் உண்டென்றால் அவர் வேறு ஊரில் தங்கட்டும். சிறையிலிருந்து வருபவருக்காக, சிறைக்கே போகாதவர் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கலாமா?

அடுத்த ஞாயிறன்று நாங்கள் அறுவரும் அகரம் சென்றோம். சித்தி எங்களுக்கு மோர் கொடுத்து, படிப்பைப் பற்றி விசாரித்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் எடுக்கவேயில்லை. புறப்படும்போது தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஆளுக்கொரு குடம் பிடித்து வந்து வைத்துவிட்டு பஸ் ஏறினோம்.