மூச்சுத் திணறிய யெஸ்டி

மறக்க முடியாத நாள் என்று ஒன்று எல்லோருக்கும் உண்டு. பரிசு பெற்ற நாளைச் சிலர் எழுதுவார்கள். சுற்றுலா சென்ற நாளைச் சிலர் எழுதுவார்கள். நாங்கள் எழுதப்போவது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்த நாளைப் பற்றி. நாங்கள் என்றால் நானும், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையும். தவறு இருவருடையது, ஆகையால் கட்டுரையும் இருவர் சார்பில்தான்.

எங்கள் வீடு கவரைப்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய வண்டி, தாத்தா வாங்கிய யெஸ்டி 250. மைசூரில் 1961ஆம் ஆண்டு ஜாவா வண்டிகளைச் செய்யத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்தது. அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆனாலும் எங்கள் வண்டி இரண்டு புகைக்குழல்களிலும் ‘டப டப’ என்று பேசிக்கொண்டு இன்றும் ஓடுகிறது. கியர் போடும் அதே தண்டை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே உதைக்கும் கிக்கராகிவிடும். இந்த வேடிக்கையைக் காட்டி நாங்கள் தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வோம்.

2024ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் மாலை, வண்டியைத் துடைத்து வைக்கும்படி அப்பா சொன்னார். துடைத்தோம். அதோடு நின்றிருக்கலாம். பெட்ரோல் டேப்பைத் திருகிப் பார்த்தோம். கார்புரேட்டரின் மேலிருந்த சிறு பொத்தானை அமுக்கிப் பார்த்தோம். பெட்ரோல் வழிந்தது. பயந்துபோய் அதைத் துடைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டோம். டேப்பை மூடவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தேகால் மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஆறு மணி ஷிப்ட். மின்சார ரயிலைப் பிடிக்கலாம் என்றாலும் நிலையத்துக்கு வெகுதூரம் நடக்கவேண்டும். அப்பா வழக்கம்போல் பொத்தானை அமுக்கிவிட்டு உதைத்தார். வண்டி அசையவில்லை. மறுபடியும் அமுக்கினார், மறுபடியும் உதைத்தார். இருபது உதைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஒருமுறை கிக்கர் திருப்பி அடித்து, அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கதவோரம் ஊமைகளாய் நின்றோம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தாத்தா குடையோடு வந்தார். பல ஆண்டுகள் லாரி ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்கை உறிஞ்சினார். “தம்பி, உதைக்காதே. பெட்ரோல் நாற்றம் ஊரையே தூக்குது. எஞ்சின் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கு. ராத்திரி டேப்பை மூடினியா?” என்று கேட்டார்.

அப்பா சற்று யோசித்தார். “நான்தான் மறந்திருப்பேன் தாத்தா. வயசாகுதில்ல” என்றார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அப்பா எங்களை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. தங்கை என் கையை இறுகப் பிடித்தாள். “நாங்கதான் அப்பா திறந்தோம்” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. தாத்தாதான், “அப்படியானால் கெடுத்த கையே சரிசெய்யட்டும். வாங்க கண்ணுகளா” என்றார்.

முதலில் வண்டியைச் சமையலறைப் பக்கமிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தினோம். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் நெருப்பு கூடாது. டேப்பை மூடினோம். சாவியை எடுத்துவிட்டோம். ஸ்பேனரால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். அது மழையில் நனைந்த கோழிபோல் ஈரமாக இருந்தது. “நனைஞ்ச பிளக்கிலே பொறி தாண்டாது, மின்சாரம் ஈரத்தின் வழியா ஓடிப்போயிடும்” என்றார் தாத்தா. உலர்ந்த துணியால் துடைத்து வைத்தோம்.

பிறகு ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு, பிளக் இல்லாமலே மாறி மாறி உதைத்தோம். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் புகைபோல் சீறியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் நேரே மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறைக்குள் வந்து, அங்கிருந்துதான் மேலே தள்ளப்படுகின்றன. இந்த முறையில் இங்கிலாந்தின் ஜோசப் டே என்பவர் 1891ஆம் ஆண்டிலேயே எஞ்சின் அமைத்தாராம். அந்தக் கீழறையில் பெட்ரோல் தேங்கிவிட்டால், பிளக்கை மட்டும் துடைத்துப் பயனில்லை. உள்ளே இருப்பதையும் வெளியேற்ற வேண்டும்.

எங்கள் அறிவியல் ஆசிரியை பின்னர் விளக்கினார்: ஒரு கிராம் பெட்ரோல் நன்றாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டுமாம். எங்கள் வண்டிக்கு அன்று பெட்ரோல் பஞ்சமில்லை, காற்றுதான் பஞ்சம். கிளம்பவில்லையே என்று அமுக்க அமுக்க, அதன் மூச்சை நாம்தான் அடைத்துக்கொண்டிருந்தோம்.

பிளக்கை மாட்டினோம். டேப் மூடியபடியே இருந்தது. அப்பா ஆக்ஸிலேட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு உதைத்தார். முதல் உதைக்கு ஒரு இருமல். இரண்டாவதற்கு இரண்டு இருமல். நான்காவது உதைக்கு வெள்ளைப் புகை தெருவையே மறைக்க, யெஸ்டி உயிர்பெற்றது! தங்கை கைதட்டினாள். அதன் பிறகே டேப்பைத் திறந்தோம்.

ஆனால் மணி ஆறாகிவிட்டது. அன்று அப்பாவுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. முன்னமே வாய் திறந்திருந்தால் அதுவும் போயிருக்காது. மாலையில் அவர் திரும்பியபோது நாங்கள் தலை குனிந்து நின்றோம். அவர் பையிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்து எங்கள் கையில் வைத்தார். “இனிமேல் இது உங்க பொறுப்பு” என்றார். அவ்வளவுதான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாப் பாடங்களையும் தலைக்குள் ஊற்ற முயலும்போதெல்லாம் எங்களுக்கு அந்த ஈரமான பிளக் நினைவுக்கு வருகிறது. உடனே புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணையில் சற்றுக் காற்று வாங்குகிறோம். தவறு செய்தபோதும் அப்படியே. மனத்துக்குள் தேங்கவிடாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்புத் தோழியரே, இந்த இரண்டு பாடங்களுக்கும் நாங்கள் கொடுத்த கட்டணம் அப்பாவின் அரைநாள் சம்பளம். உங்களுக்கு இலவசமாகத் தருகிறோம்!