கம்பிக்குக் கீழே

2025 ஏப்ரல் 5 அன்று இந்தியாவும் இலங்கையும் தத்தம் மின்தொகுப்புகளை இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காற்று மிகும் பருவத்தில் மன்னாரின் மின்சாரம் இங்கு வரலாம். பற்றாக்குறை நாளில் இங்கிருந்து அங்கு போகலாம். நிலக்கரி எரிப்பது குறையுமெனில் நல்ல ஏற்பாடுதான். அதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆயினும் நாமக்கல் சமவெளிக்காரர்களான எங்களுக்கு மின்தொகுப்பு என்றதும் கடலடிக் கம்பி நினைவுக்கு வருவதில்லை. கடலைக்காட்டின் நடுவே நான்கு கால்களை ஊன்றி நிற்கும் கோபுரமே வருகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் தடம் உள்ளிட்ட உயர்மின் கோபுரங்களை எதிர்த்து 2018 டிசம்பரில் கொங்கு உழவர்கள் போராடினர். எம் மாணவர் பலர் அத்தகைய தோட்டங்களிலிருந்து வருபவர்கள். கோபுரம் நடுவதற்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமே போதுமானதாயிருந்தது. (தந்தியே 2013இல் நின்றுபோயிற்று, சட்டம் நிற்கவில்லை.) அதன்படி நிலம் உழவருடையதே, பட்டாவும் அவர் பெயரில்தான். இழப்பீடு உண்டு; முன்சம்மதம் தேவையில்லை. கம்பிக்குக் கீழே தென்னை மட்டும் வைக்க முடியாது.

மன்னாரிலும் இதே கதை. அதானி நிறுவனத்தின் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தை, வலசைப் பறவைகளின் வழி அது என்று சொல்லிச் சூழலியலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தனர். 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. விலைப் பேச்சு முறிந்ததே பெரிய செய்தியாயிற்று, பறவைகள் அல்ல.

புதிய தடத்தின் முனைகளாக மதுரையும் மன்னாரும் பேசப்பட்டு வருகின்றன. இடையே எவர் காடு என்பது நாங்கள் படித்த செய்திகளில் இல்லை.