சாப்பறையும் மேடையும்

விருத்தாசலத்தை அடுத்த மங்களூரில் நாம் சிறுவராயிருந்த காலத்து, ஊரில் எவரேனும் இறப்பின் அச்செய்தியை முதலில் அறிவிப்பது பறையொலியே. அது கேட்டதும் அன்னையார் கதவைச் சாத்துவார். நாமும் செவிகளைப் பொத்திக்கொள்வோம். பறையடிப்பார் ஒருவருடைய மைந்தன் பள்ளியில் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்றான். ஒருநாள் அவன் விரல்கள் தம்மை மறந்து பலகைமேல் தாளமிட்டன. "சாவு மேளமா?" என்று நகைத்தோம். அவன் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டான். பின்னர் ஒருநாளும் அவன் தாளமிட நாம் கண்டிலம்.

கல்லூரிக்கு வந்தபின் விடுதித் தோழரொருவர் 'கோத் ராக்' என வழங்கும் இருளிசையை நமக்கு அறிமுகப்படுத்தினார். இங்கிலாந்தில் நார்தாம்டன் நகரத்து இளைஞர் நால்வர் 1978-ஆம் ஆண்டில் 'பௌஹாஸ்' என்னும் குழுவை அமைத்தனர். குழு கூடிய சில வாரங்களுள், 1979 ஜனவரியில், ஒன்பது நிமிடத்திற்கு மேல் நீளும் பாட்டொன்றைப் பதிவு செய்தனர். திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் சாவே அதன் பொருள். அவ்வாண்டு ஆகஸ்டில் சிறு கம்பெனியொன்று வெளியிட்ட அவ்விசைத்தட்டையே இருளிசையின் தொடக்கமாகப் பலர் கருதுவர். அதனை நாம் இரவெல்லாம் வியந்து கேட்டோம். கடல்கடந்து வந்த சாப்பாட்டைக் கலையென்று போற்றிய நாம், நம்மூர்ச் சாப்பறைக்குக் கதவடைத்தமை அப்போது நினைவிற்கு வந்திலது.

அதனை நினைவூட்டியது சென்னையில் எழுந்த மற்றொரு குழு. இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவை உருவாக்கினர். சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) கருத்தே அப்பெயர்க்கு மூலம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பதின்மர் முதன்முறை மேடையேறினர். அவருள் பெண் இசைவாணி ஒருவரே. வடசென்னைச் சாவீடுகளில் விடியுமளவும் ஒலித்த கானாவும் பறையும், கித்தாரோடும் ராக் இசையோடும் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீட்டையும் ஆணவக் கொலையையும் அவர்கள் அஞ்சாது பாடினர். அப்பாடல்களைக் கேட்டபோது, மடியில் ஒளிந்த அவ்விரு கைகளே நம் கண்முன் நின்றன.

சென்ற விடுமுறையில் நம் பாட்டியார் காலமானார். பறையோடு வந்தவன் அத்தோழனே. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். களிமண் சூளையில் வெந்து பீங்கானாதலை விருத்தாசலத்தில் பன்முறை நின்று பார்த்த நாம், தோல் தீயில் காய்ந்து குரல் பெறுவதை அன்றே முதன்முறை அருகில் நின்று கண்டோம். பழைய நகைப்பிற்கு மன்னிப்பு வேண்டினோம். அவன் விரலால் பறையைத் தட்டி ஒலிபார்த்துக்கொண்டே, "சாவுக்கு அழைத்தீர்கள், வந்தேன், உங்கள் கல்லூரி விழாவிற்கும் அழைப்பீர்களா?" என்று கேட்டான்.

நம்மால் விடைகூற இயலவில்லை. நாம் ஒருவரே விடைகூறத்தக்க வினாவும் அன்று அது. மாணவ நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, அவ்வினாவை உங்கள்முன் வைக்கின்றோம். அடுத்த கல்லூரி நாள் விழாவிற்கு நிகழ்ச்சிநிரல் வகுக்குங்கால் அதனை நினைவில் கொள்வீராக.