20டபிள்யூ-40 போதும் அண்ணே!

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்ல சேர்ந்த பசங்களுக்கு வீட்டுல ஒரு தனி மரியாதை உண்டு. மிக்ஸி ஓடலையா, கூப்பிடு அவனை. போர் மோட்டார் தண்ணி எடுக்கலையா, கூப்பிடு அவனை. ‘நான் படிக்கிறது தெர்மோடைனமிக்ஸ்’னு சொன்னா, ‘அப்ப ஃபீஸ் கட்டினது எதுக்கு?’னு கேள்வி வரும். மூணாவது வருஷம் ஆரம்பிச்ச கையோட எங்கப்பா எனக்கு வெச்ச பரீட்சை இதுதான்: “நம்ம வண்டிக்கு எந்த ஆயில்டா ஊத்துறது?”

வண்டி, 2004 மாடல் மாருதி 800. மூணு சிலிண்டர், 796 சி.சி. 1983 டிசம்பர் 14-ம் தேதி டெல்லியில் ஹர்பால் சிங் என்பவர் கையில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தாரே, அதே வம்சம். 2014 ஜனவரியோடு அந்த வம்சத்தின் உற்பத்தி நின்னுபோச்சு. ஆனா, பாகூர், வில்லியனூர் பக்கம் வந்து பாருங்க... நெல் மூட்டை, கல்யாணச் சீர், வாழைத்தார்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இன்னும் சுத்திட்டுதான் இருக்கு. எங்க வீட்டு வண்டி மீட்டர்ல 1,86,000 கிலோமீட்டர்.

மாசம் ஒரு தடவை ஆயாவை ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போகணும். பாகூர்ல கிளம்பி, கன்னியக்கோயில் வந்து கடலூர் ரோட்டைப் பிடிச்சு, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலைனு ரெண்டு பெரிய சிக்னல்லயும் நின்னு, கோரிமேடு போய்ச் சேரணும். ஆயாவோட முட்டி, பஸ் படிக்கட்டு ஏறுற நிலைமையில இல்லை. புது கார் வாங்குற நிலைமையில அப்பா இல்லை. அதனால இந்த இன்ஜின் இன்னும் சில வருஷம் ஓடியே ஆகணும். நிலைமை இப்படி இருக்கும்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயிலைக் குடிச்சா? அப்பாவுக்குத் தூக்கம் போச்சு.

ஐடியா சொல்ல ஆளா இல்லை! வில்லியனூர் மெக்கானிக் அண்ணன், “20டபிள்யூ-50 ஊத்து தம்பி, கெட்டியா இருக்கும், புகை அடங்கிடும்”னார். சென்னையில புது கார் வெச்சிருக்கிற மாமா பையன், “ஃபுல் சிந்தெட்டிக் 0டபிள்யூ-20 போடுடா, மைலேஜ் பிச்சுக்கும்”னான். டிராக்டர் வெச்சிருக்கிற சித்தப்பா, “என்கிட்டயே ஒரு கேன் இருக்கு, எடுத்துட்டுப் போ”ன்னார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், புகையை நிறுத்துற மருந்துன்னு ஒரு குட்டி பாட்டிலை எடுத்து வெச்சார். ஆளுக்கொரு வைத்தியம்!

நம்ம லேப்ல ரெட்வுட் விஸ்காமீட்டர்னு ஒரு பித்தளைப் பாத்திரம் இருக்குமே, ஞாபகம் இருக்கா? அடியில ஒரு சின்ன ஓட்டை. 50 மில்லி ஆயில் கீழே இறங்க எத்தனை செகண்ட்னு ஸ்டாப் வாட்ச் வெச்சுப் பார்க்கணும். 30 டிகிரியில வெச்சா பத்து நிமிஷத்துக்கு மேல இழுக்கும், கேன்டீன் போயிட்டு வந்துடலாம். அதையே 80 டிகிரிக்குச் சூடாக்கினா ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. கேன் மேல இருக்கிற நம்பர் எல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லுது. டபிள்யூ என்றால் ‘விண்டர்’. அதுக்கு முன்னாடி இருக்கிற நம்பர், குளிர்ல ஆயில் எப்படி ஓடும்கிறதுக்கு. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில வெச்சு சோதிப்பாங்க. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. பாகூர்ல மார்கழி விடியற்காலையில கோலம் போடுற அக்காங்க ஸ்வெட்டர் போட்டாலும் 20 டிகிரி பக்கத்துலதான் இருக்கும். லடாக்குக்குக் குடிபோற வரைக்கும் மாமா பையன் சொல்ற பூஜ்ஜியத்துக்கு இங்கே பெருசா வேலை இல்லை.

பின்னாடி இருக்கிற நம்பர்தான் நமக்கு முக்கியம். 100 டிகிரியில, அதாவது இன்ஜின் நல்லா சூடானப்போ, ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு அது சொல்லும். 40-ன்னா 12.5-ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள. 50-ன்னா 16.3-ல தொடங்கி 21.9-க்குள்ள. 20-ன்னா 9.3-க்கும் கீழே. தேய்ஞ்சுபோன இன்ஜின்ல பார்ட்ஸுக்கு நடுவுல இடைவெளி கூடியிருக்கும். அங்கே 0டபிள்யூ-20 மாதிரி தண்ணியா ஒண்ணை ஊத்தினா நிக்காது. புது இன்ஜினுக்காகவே செஞ்ச ஆயில் அது.

அப்ப கெட்டி ஆயில்தான் சரியா? இங்கேதான் எனக்கு 1883-ல ரயில்வே பேரிங்கை ஆராய்ச்சி பண்ணின பியூசாம்ப் டவரோட கதை ஞாபகம் வந்துச்சு. பேரிங் மேல ஆயில் விடறதுக்கு ஒரு ஓட்டை போட்டார். ஆயில் உள்ளே போகாம வெளியே பொங்கிச்சு. கார்க்கை வெச்சு அடைச்சார், தள்ளிடுச்சு. மரக்கட்டையை அடிச்சார், அதையும் துப்பிடுச்சு! சுத்துற தண்டே ஆயிலை உள்ளே இழுத்து, அழுத்தமான ஒரு படலமா மாத்தி, அது மேல மிதக்குதுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. 1886-ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதுக்குக் கணக்கு எழுதினார் (நம்ம செமஸ்டர்ல பதினாறு மார்க்!). விஷயம் இதான்: படலம் உருவாகணும்னா ஆயில் முதல்ல அந்த இடத்துக்கு வந்து சேரணும். 800-ல கேம்ஷாஃப்ட் இன்ஜின் தலை மேல இருக்கு. அடியில சம்ப்ல இருக்கிற ஆயில் அதுவரைக்கும் ஏறணும். போன வருஷம் 20டபிள்யூ-50 ஊத்தியிருந்தப்போ காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டேப்பெட் ‘டக டக’ன்னு நாலஞ்சு செகண்ட் கத்தும்.

ஆயிலை மாத்துறதுக்கு முன்னாடி, அது எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதானே நியாயம்? புகையைப் படிக்கக் கத்துக்கங்க மக்களே, ஜோசியத்தைவிட நம்பலாம். கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா எரியுது. வெள்ளையா விடாம வந்தா கூலன்ட் உள்ளே போகுது. நீலம்னா ஆயில். அந்த நீலத்துலயும் ரெண்டு ரகம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிறப்பல்லாம் விடாம வந்தா பிஸ்டன் ரிங் மேல சந்தேகம். ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு தடவை ‘புஸ்’னு விட்டுட்டு நின்னுட்டா, வால்வ் சீல். ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டா சிலிண்டருக்குள்ள இறங்கி சேர்ந்திருக்கும்.

ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா ஓட்ட, நான் பின் சீட்டுல கழுத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்தேன். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்துல இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கச் சொன்னேன். கீழே வந்ததும் ஒரு மிதி. குபீர்னு ஒரு நீல மேகம்! பின்னாடி வந்த பைக்காரர் திட்டினது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். காலை எடுத்தா சிலிண்டர்ல வெற்றிடம் கூடும், கிழிஞ்ச வால்வ் சீல் வழியா அது ஆயிலை உறிஞ்சும். மறுபடி மிதிச்சா அது எரிஞ்சு வெளியே வரும். நேர் ரோட்டுல மிதிச்சப்போ பெருசா ஒண்ணும் வரலை.

நேரா மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். கம்ப்ரஷன் கேஜ் வெச்சுப் பார்க்கச் சொன்னேன். முதல்ல ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் செஞ்சார். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே ரீடிங். “ரிங் நல்லாதான் இருக்கு தம்பி, சீல்தான்”னு அவரே சொன்னப்போ அப்பா முகத்தைப் பார்க்கணுமே! ரிங், போர்னு இன்ஜினை இறக்கினா வர்ற பில் எங்கே, மூணு சிலிண்டருக்கு வால்வ் சீல் மாத்துற பில் எங்கே?

சீல் மாத்தியாச்சு. ஆயில்? “20டபிள்யூ-40 மினரல் போதும் அண்ணே”ன்னேன். டேஷ்போர்டுல கிடந்த பழைய கையேட்டுல நம்ம ஊர் வெயிலுக்கு ஏத்த கிரேடுகள்ல அதுவும் இருந்துச்சு. கேனுக்குப் பின்னாடி ஏ.பி.ஐ. எழுத்தையும் பார்த்தோம். பெட்ரோல் வண்டிக்கு எஸ்-ல தொடங்கும்: எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020. புதுசு பழசுக்குப் பொருந்தும், பழசு புதுசுக்குப் பொருந்தாது. எங்களுக்குக் கிடைச்சது எஸ்.என். சித்தப்பாவோட கேன்ல சி-ல தொடங்குற டீசல் எழுத்து மட்டும்தான் இருந்துச்சு. ரெண்டு எழுத்தும் சேர்ந்திருந்தா யோசிச்சிருக்கலாம். குட்டி பாட்டில் மருந்தைக் கடையிலேயே விட்டுட்டோம். அந்த மாதிரி மருந்து பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்குற பாலிமர்தான். நோயை விட்டுட்டு இருமலை மட்டும் அடக்குற டானிக்.

அமெரிக்காவுல வால்வோலின் கம்பெனி 2000-லயே அதிகம் ஓடின வண்டிக்குன்னு மேக்ஸ்லைஃப்னு தனி ஆயில் விட்டாங்க. 75,000 மைல், அதாவது 1,20,000 கிலோமீட்டர் தாண்டின வண்டிக்கு. இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக வைக்கிற சமாச்சாரம் அதுல இருக்கும். எங்க ஏரியா கடை ஷெல்ஃப்ல அது இல்லை. இருந்தாலும், கிழிஞ்ச சீலை எந்த ஆயிலும் தைக்காது.

இப்போ 1,400 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில சமதளத்துல நிறுத்தி, கேஜ் குச்சியை எடுத்துத் துடைச்சு, மறுபடி விட்டுப் பார்க்கிறது என் வேலை. மேல் கோட்டுல இருந்து ஒரு நூல் அளவு இறங்கியிருக்கு, அவ்வளவுதான். டேப்பெட் சத்தம் ரெண்டு செகண்ட்ல அடங்குது. சீல், ஃபில்டர், ஆயில் மூணையும் ஒண்ணா மாத்தினதால பெருமை யாருக்குன்னு சொல்ல முடியாது. லேப் ரெக்கார்டுல எழுதினா சார் சிவப்பு மையில சுழிப்பார். அடுத்த எஃப்.சி. 2029-ல. இருபது வருஷம் தாண்டின கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு 10,000 ரூபாயா உயர்த்திடுச்சு. அதைக் கட்டுறதா, வண்டியைக் கொடுத்துடறதான்னு அப்பா இப்பவே கணக்குப் போடுறார். ஆயா மட்டும், “என்னை ஏத்திக்கிட்டுப் போற வரைக்கும் போகட்டும்”ங்கிறாங்க.

காலி கேனை நான் கத்தியால குத்திக் கிழிச்சுட்டுதான் போட்டேன். முழுசா விட்டா யாராவது எதையாவது நிரப்பி, புதுசுன்னு வித்துடுவாங்க. கழிவு ஆயில் மெக்கானிக் அண்ணனோட டிரம்முக்குப் போச்சு. அதைத் திரும்பச் சேகரிச்சு சுத்திகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் உண்டுன்னு 2024 ஏப்ரல் 1-ல இருந்து விதியே இருக்கு. வாய்க்கால்ல ஊத்தினா நேரா வயலுக்கும் ஏரிக்கும்தான் போகும். ஆனா, ஒரு டப்பா மட்டும் அப்பா கேட்டு வாங்கிட்டு வந்துட்டார். மாட்டுக் கொட்டகைத் தூண்ல கரையானுக்கு அடிக்கணுமாம். அந்தச் சண்டை எங்க வீட்டுல இன்னும் ஓடிட்டிருக்கு.